நாலு போல்ட்டு மாப்பிள்ளை

ஊற்று தொலைக்காட்சியின் கதைத் தரக்கட்டுப்பாட்டுக் குழுவில் மூன்று வருடம் குறிப்பெழுதியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரேசனை அங்கே யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சத்தம் போட்டதில்லை. உட்காரச் சொல்லாமல் பேசியதில்லை. அவருக்கு நடந்தது எல்லாமே 'வாங்க', 'சொல்லுங்க', 'சாப்ட்டீங்களா' என்றுதான் நடந்தது. என்னிடம் ஆவணம் இருக்கிறது.

என் பெயர் கருப்புசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில் தனபால் ஐயாவின் பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். பம்ப் ஒழுகினால் சிவப்பு அட்டை, ஒழுகாவிட்டால் பச்சை அட்டை. இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை, ஒரு ஜோடிக் கண் போதும். ஐயா ஒரு நாள் திடுதிப்பென்று டிவி சேனல் ஆரம்பித்தார். வேறொரு சேனல்காரன் அவருடைய மோட்டார் விளம்பரத்தை மூல வைத்தியர் விளம்பரத்துக்கு அடுத்ததாகப் போட்டுவிட்டான் என்பதுதான் காரணம். ரோஷக்காரர். சேனலை எந்த விதிமுறைப்படி நடத்துவது என்று கேட்டபோது ஐயா யோசிக்கவே இல்லை.

"பம்புக்கு என்ன விதியோ அதேதானுங்க கதைக்கும். ரெண்டுமே அடியில இருக்கறத மேல கொண்டாந்து ஊத்தற வேலைதானுங்களே" என்றார்.

நான் சிவப்பு அட்டைக் கட்டோடு சேனலுக்கு மாற்றப்பட்டேன்.

கதிரேசன் வந்தது ஓர் ஆவணி மாதம். மெட்ரிக் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். நாற்பது வயது, ஒல்லி, சட்டையை இன் பண்ணி ஷூ போடாமல் செருப்போடு வந்திருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள் அறிவியல் தொடர் ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் பக்கம், முழுக்கக் கையெழுத்து. உள்வரவுப் பதிவேட்டில் நான் எழுதினேன்: 'கதை, ஒன்று. எடை நான்கு கிலோ இருநூறு. ஈரம் இல்லை.' உள்ளே வரும் மூலப்பொருள் எதுவானாலும் ஈரம் பார்த்தே ஆக வேண்டும், அது விதி.

ஈரம் பார்க்கிற சாக்கில் நாற்பது பக்கம் படித்துவிட்டேன். வருடம் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. நொய்யல் வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. ஒருவருக்கொருவர் சொந்தபந்தம் இல்லாத இருபத்து மூன்று பேர் தண்ணீர் தேடி வேறு கிரகத்துக்குக் கப்பலில் போகிறார்கள். கூடவே முகில் என்று ஒரு ரோபோ. அதற்கு ஒரே வேலைதான். பூமியில் யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடாமல் செத்துப்போன மனிதர்களின் பெயர்களை அது மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. தினமும் சாயங்காலம் பத்துப் பெயர் சொல்லும். கப்பலில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எனக்குக் கதை படிக்கிற பழக்கம் கிடையாது. அன்றைக்குச் சோற்றுப் போசியைத் திறக்கவே மறந்துவிட்டேன். பச்சை அட்டை போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பொருளுக்கு அட்டை போட்டது அதுதான் முதல் தடவை.

"டைட்டில்ல பேரு வருமுங்களா?" என்று கேட்டார் கதிரேசன்.

"கதை எழுதுனவரு பேரு வராதுங்களா? வருமுங்க."

"பொ. கதிரேசன்னு போடச் சொல்லோணுமுங்க. அம்மா பேரு பொன்னாத்தாள். அப்பன் நான் பொறக்கறதுக்கு முந்தியே போயிட்டாருங்க. அம்மாவ ஊருக்குள்ள ஆரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க. எழுவது வயசாச்சு, இன்னமும் 'ஏ புள்ள'தான். அவங்க பேருல ஒரு எழுத்தாச்சும் டிவில வரட்டுமுன்னு."

இவ்வளவுதான் அந்த மனிதன் கேட்டது. ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர்.

குழு புதன்கிழமைதான் கூடும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது ஐயாவின் கொள்கை. உறுப்பினர்கள் மூன்று பேர். தலைவர் தனபால் ஐயா. அவருடைய மச்சினர் செங்கோடன், காங்கயம் ரோட்டில் பெரிய கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மூன்றாவது ஐயாவின் மகள் நித்யஸ்ரீ, வெளிநாட்டில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்து கிரியேட்டிவ் ஹெட் ஆனவர். மூவருக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. யாரும் கதையைப் படித்திருக்கவில்லை.

"தம்பிக்கு எந்தூருங்க?" என்று ஆரம்பித்தார் செங்கோடன்.

"வெள்ளகோவில் பக்கமுங்க."

"அட, நம்ம பக்கம். வெள்ளகோவில்ல எங்கீங்க?"

"முத்தூர் ரோட்டுலீங்க."

"முத்தூர் ரோட்டுல ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. அதுக்குந் தெக்காலீங்க."

"தெக்காலீங்களா" என்றார் செங்கோடன். "நெம்ப சந்தோசமுங்க. பிஸ்கட் எடுத்துக்கோங்க."

விசாரணை முடிந்தது. ஒரு மனிதனின் ஏழு தலைமுறையை மூன்றே கேள்வியில், அதுவும் மரியாதை ஒரு குந்துமணி குறையாமல் தெரிந்துகொள்வது எங்கள் பக்கத்தில் பால பாடம். ஐயா மச்சினரைப் பார்த்தார், மச்சினர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார். நித்யஸ்ரீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பில் 'எழுத்தாளர் அறிமுகம் இனிதே நடந்தது' என்று எழுதினேன்.

"கதை பிரமாதமுங்க" என்றார் ஐயா. "சின்னச் சின்ன ரீவொர்க் மட்டும் இருக்குதுங்க."

முதல் ரீவொர்க் கப்பல். கப்பலுக்கு செட் போட வேண்டாம், மண்டபம் இருக்கிறது என்றார் செங்கோடன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. ஆக மனித குலம் விண்வெளிக்குப் போவது ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் என்று தீர்மானமாயிற்று. கதிரேசன் எழுந்து நின்று, கப்பலுக்குள் ஈர்ப்பு விசை இருக்காது, எல்லாம் மிதக்கும் என்று பணிவாக எடுத்துச் சொன்னார்.

"பந்தில சோறு மெதந்தா நல்லாவா இருக்கும், தம்பி?" என்றார் செங்கோடன். "மண்டபத்துப் பேரு கெட்டுப்போயிருமுங்க."

"அங்கிள் சொல்றது கரெக்ட்" என்றார் நித்யஸ்ரீ. "மிதக்கிறது நெகட்டிவ் ஃபீல். நம்ம ஆடியன்ஸ் எல்லாம் தரையில நிக்கறவங்க."

ஈர்ப்பு விசை இரண்டுக்குப் பூஜ்யம் என்ற வாக்கில் கப்பலுக்குள் கொண்டுவரப்பட்டது. ஐயா வாக்களிக்கவில்லை, அவர் இருபத்து மூன்று பேரிலேயே நின்றுவிட்டார். "சொந்தமில்லாத இருவத்தி மூணு பேரு எப்படிங்க ஒண்ணாப் போவாங்க? ஒரே குடும்பமா ஆக்கிப்போடுங்க" என்றார். பெயர் 'வானத்து மருமகள்' ஆயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே அறிவியல் தேய்ந்து மருமகள் ஆயிற்று, அதுவும் ஒரே புதன்கிழமையில்.

கதிரேசன் எல்லாவற்றையும் தலையாட்டி எழுதிக்கொண்டார். பள்ளி வேலையை அதற்குள் விட்டிருந்தார். பெயர் சொல்லும் காட்சியாவது இருக்குமா என்று மட்டும் கேட்டார். முகில் பெயர் சொல்லட்டும், ஆனால் விளம்பரதாரர்கள் பெயரைச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலையில் அவர் ஆபீஸ் வாசலில் நின்றார். டைட்டிலில் 'கதை: ஊற்று குழுமம்' என்று போட்டிருந்தது.

"அம்மா தெருவையே கூட்டி உக்கார வெச்சிருந்தாங்க" என்றார் ஐயாவிடம். "ஆருக்கும் படிக்கத் தெரியாதுன்னு அடுத்த தெருவுல இருந்து ஒரு டீச்சரையும் கூப்பிட்டிருந்தாங்க. டீச்சரு கடசி வரைக்கும் தேடுனாங்களாம்."

ஐயா உருகிவிட்டார். அவர் உருகுவார், அதில் குறையே கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. நம்ம கம்பெனில நாப்பது வருசமா ஒரு பழக்கமுங்க. நல்ல பம்புல ஃபிட்டரு பேரப் போடுவமுங்களா? கம்பெனி பேருதானுங்க போடுவோம். ஒழுகற பம்பு வந்துச்சுன்னா செவப்பு அட்டைல ஃபிட்டரு பேரு எழுதுவோம். ஏன்னா, பேருங்கறது பொறுப்புங்க. உங்க பேரு வரலீன்னா உங்க மேல தப்பு இல்லீன்னு அர்த்தம். சந்தோசப்படோணுமுங்க."

கதிரேசன் சந்தோஷப்பட முயற்சி செய்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"மனசு சங்கடப்படாதீங்க. உங்களத் தயாரிப்பாளராவும் ஆக்கிப்போடறோம். இன்னைல இருந்து நீங்க எழுத்தாளர் மற்றும் தயாரிப்பாளர்."

ஊற்று தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் என்றால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுபவர், நடிகைக்கு நிழல் பார்ப்பவர், இட்லி எண்ணுபவர். அந்த வாரமே நடிகையின் கழுத்து மாலையில் ஒரு பூ வாடியிருந்ததற்காகச் சிவப்பு அட்டை வந்தது. 'தயாரிப்பாளர்: பொ. கதிரேசன்' என்று நான்தான் எழுதினேன், இனிஷியலோடு, என்னால் ஆன உதவி. அவர் அதைப் போனில் படம் எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்ற முத்திரையை வெட்டிவிட்டு, ஊரில் அந்த டீச்சருக்கு அனுப்பினார். டீச்சர் பொன்னாத்தாளுக்குப் படித்துக் காட்டினாராம். அந்த அம்மா அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார் என்று கதிரேசன் என்னிடம் சொன்னபோது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ரோபோவுக்கு வருகிறேன். முகிலின் உடம்பை ஐயா தன் ஃபவுண்டரியிலேயே அலுமினியத்தில் வார்க்கச் சொன்னார். பதினெட்டு கிலோ. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஃபுட்வால்வு சல்லடை. தலைக்கவசத்தை பம்பின் மூடியைப் பொருத்துவது போலப் பின்பக்கம் நாலு போல்ட்டில் முடுக்கினார்கள். உள்ளே இருப்பவருக்குக் கை எட்டாது. வெளியே இருந்து ஒருவர் பத்து-பதினொன்று ஸ்பானரால் கழற்ற வேண்டும். ஸ்பானர் கருவிப் பதிவேட்டில் என் பொறுப்பில் வந்தது. உள்ளே நடிக்க வந்த பையன் நான்காம் நாள் மயங்கி விழுந்து ஊருக்குப் போய்விட்டான்.

"வசனமெல்லாம் தெரிஞ்சவரு தயாரிப்பாளர்தானுங்களே" என்றார் செங்கோடன். "ரெண்டு நாளைக்குச் சித்தெ உள்ள போங்க, தம்பி."

கதிரேசன் உள்ளே போனார். நான் நாலு போல்ட்டையும் முடுக்கினேன். இரண்டு நாள் இரண்டு வருடம் ஆனது. அவருடைய பேச்சு 'தெக்கால வாசம் அடிக்கிறது' என்று செங்கோடன் சொன்னதால் குரலைச் செங்கோடனே கொடுத்தார். முப்பது வசனங்களைப் பதிவு செய்து நித்யஸ்ரீயின் போனில் ஏற்றினார்கள். போனைத் தொட்டால் முகிலின் நெஞ்சிலுள்ள ஸ்பீக்கர் பேசும். கதிரேசன் உள்ளே என்ன பேசினாலும் சல்லடை தாண்டி வெளியே வராது.

நூறாவது பகுதி நெருங்கும்போது நாயகிக்கும் முகிலுக்கும் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று நித்யஸ்ரீ சொன்னார். உடனே செங்கோடன் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ள என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கத்தில் கூட்டம், அதாவது குலம், தெரியாமல் கல்யாணப் பேச்சு கிடையாது. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை.

"அது அலுமினியமுங்க" என்றார் கதிரேசன்.

"எந்த அலுமினியமுங்க?" என்றார் ஐயா, நிமிர்ந்து உட்கார்ந்து. "நம்ம பட்டறைல வார்த்ததுதானுங்களே? நம்ம பட்டறைல பொறந்த பையன் நம்ம கூட்டந்தானுங்க."

எந்தக் கூட்டம் என்று இங்கே எழுதினால் எனக்கு வம்பு. அடுத்த வாரமே முகில் ஐயாவின் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று ஒளிபரப்பினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் முந்நூற்றுப் பதினொரு போன். பன்னிரண்டாவது பகுதியிலேயே நாயகியின் குடும்பத்தையும் அதே கூட்டம் என்று பெருமைக்குச் சொல்லிவைத்திருந்ததை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். வெளிச்சத்தைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்ற விதியைச் செங்கோடன் முப்பதாவது பகுதியில் ரத்து செய்தார், ஒரு போன் வரவில்லை. பங்காளிக்கே பொண்ணைக் கொடுப்பதா என்று கொடுமுடியிலிருந்து ஒரு வேன் பிடித்து ஆள் வந்தது.

ஐயா அசரவில்லை. முகிலை வேறு கூட்டத்துக்குச் சுவீகாரம் கொடுத்தார், நான்கு பகுதிகளில். கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை வேண்டுமே என்ற சிக்கல் வந்தது. அதே ஃபவுண்டரியில் வார்த்த அரைக் குதிரைத் திறன் மோனோபிளாக் பம்புக்குப் பட்டுச்சேலை கட்டி மணையில் உட்கார வைத்தார்கள். சீர் முடிந்ததும் அக்காவின் விலையும் உத்தரவாதக் காலமும் திரையில் ஓடின. இந்தக் கல்யாணம் ஓடிய நாற்பத்தொரு பகுதிகளையும் எழுதியவர் கதிரேசன். எழுதிவிட்டு உள்ளே போய் மணையில் உட்கார்ந்தவரும் அவர்தான். இயக்க விதிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதன், ஒரு பம்பின் தம்பியாக.

முகில் பிரபலமானான். நிஜக் கல்யாணங்களுக்கு முகிலை அழைத்தார்கள். மண்டப வாசலில் நிறுத்திவைத்தால், நித்யஸ்ரீயின் போனிலிருந்து "வாங்க வாங்க. சாப்ட்டுப்போட்டுத்தானுங்க போகோணும்" என்று செங்கோடன் குரல் வரவேற்கும். வெயிலில் சூடேறிய அலுமினியத்துக்குள் கதிரேசன் நிற்பார். சாயங்காலம் நான் போல்ட்டைக் கழற்றும்போது சட்டை பிழிகிற மாதிரி இருக்கும். "இன்னைக்கு எத்தன பேரு கைகுடுத்தாங்க தெரியுமுங்களா?" என்று கேட்பார். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

உச்சம், கொடுமுடிப் பக்கம் ஐயாவின் கூட்டத்துக் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். சுவீகாரம் போன பையன் ஆனாலும் பிறந்த வீடு மறக்கக் கூடாது என்று முகிலை அழைத்தார்கள். தலைக்கவசத்துக்குப் பரிவட்டம் கட்டி, முதல் மாலை போட்டு, கருவறைப் படி வரைக்கும் கூட்டிப்போனார்கள். நான் நான்கடி பின்னால் ஸ்பானரோடு நடந்தேன். என்னையே அந்தப் படிக்கு விடமாட்டார்கள், அன்றைக்குக் கருவியோடு வந்தவன் என்று விட்டார்கள். மாலையில் போல்ட்டைக் கழற்றியபோது கதிரேசன் பரிவட்டத்தை எடுத்து மடித்தார்.

"இதே கோயில் தேருக்கு எங்கம்மா சின்ன வயசுல வந்தாங்களாமுங்க. ரோட்டோட நிறுத்திப்போட்டாங்களாம்" என்றார். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லலீங்க. நான் கதை எழுதறேன்னுதான் அவங்களுக்குத் தெரியும். ரோபோவுக்குள்ள நான்னு தெரியாது" என்றார்.

ஐந்நூறாவது பகுதிக்கு விழா எடுப்பதென்று முடிவானது. அந்தப் புதன்கிழமை கதிரேசன் மறுபடியும் ஒன்று கேட்டார். மேடையில் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி முடுக்கிக்கொள்ளலாம், ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கிறேன் என்றார்.

"அதுக்கென்னுங்க தம்பி, செஞ்சுபோடலாமுங்க" என்றார் ஐயா. செங்கோடன் தலையாட்டினார். "சூப்பர் மொமென்ட்டா இருக்கும்" என்றார் நித்யஸ்ரீ. குறிப்பில் எழுதினேன்: 'பொருள் ஏழு. விழா மேடையில் முகிலின் தலைக்கவசத்தைக் கழற்றி, எழுத்தாளர் பொ. கதிரேசனை அறிமுகம் செய்தல். ஒருமனதாக ஏற்கப்பட்டது.' அன்றைக்குக் கதிரேசன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அம்மாவை வரச்சொல்லப் போகிறேன் என்றார்.

விழா செங்கோடன் மண்டபத்தில். காலை பத்து மணிக்கே கூட்டம் தாங்கவில்லை. நான் கதிரேசனை முடுக்கி மேடையில் நிறுத்திவிட்டு இறங்கியபோது செங்கோடன் என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார்.

"கருப்புசாமி, சித்தெ யோசிச்சுப் பாருங்க. தம்பி தங்கமான பையனுங்க. எனக்கு அவரு மேல ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா அந்தக் கோயில்ல பரிவட்டங் கட்டிப்போட்டோமுங்களே. உள்ள இருந்தது ஆருன்னு தெரிஞ்சா அந்தப் பரிவட்டத்த என்னங்க பண்றது? மறுபடி கும்பாபிஷேகம் பண்ணோணுமுங்க. எத்தன பேருத்து மனசு நோகும்? ஒருத்தரு மனசு நோகாம நடந்துக்கறதுதானுங்களே நம்ம பண்பாடு."

"ஏழாம் பொருள் பாஸாயிருச்சுங்களே" என்றேன்.

"பாஸானது பாஸானதுதானுங்க. தீர்மானத்த மாத்த வேண்டாம். ஸ்பானரத் தொலச்சுப்போடுங்க."

இருபத்து நான்கு வருடத்தில் நான் ஒரு கருவியைத் தொலைத்ததில்லை. ஒரு நட்டைக்கூட. அதைச் சொல்ல வாயெடுத்தேன். "உங்க பாப்பா நம்ம காலேஜ்ல ரெண்டாம் வருசமுங்களா? நல்லாப் படிக்குதுங்களா?" என்று செங்கோடன் விசாரித்தார். நல்லாப் படிக்குதுங்க என்றேன்.

ஏழாவது வரிசையில் ஓரத்து நாற்காலியின் நுனியில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். மடித்துவைத்த மடிப்பு கலையாத சேலை. நான் கடக்கும்போது கையைப் பிடித்தார்.

"ஏனுங் சாமி, நீங்க டிவிக்காரருங்களா? என்ற பையன் கதிரேசன் எப்ப மேடைக்கு வருவானுங்க?"

"வருவாருங்க" என்றேன்.

ஐயா பேசினார். இந்தத் தொடரின் வெற்றிக்குக் காரணம் தண்ணீர் என்றார், பிறகு பண்பாடு என்றார், பிறகு ஐந்து வருட உத்தரவாதம் என்றார். "இப்ப முகிலோட தலைக்கவசத்தக் கழட்டி, ஒரு முக்கியமானவர உங்களுக்குக் காட்டப்போறமுங்க" என்று என்னைப் பார்த்தார். தீர்மானம் தீர்மானம்தான், அதில் அவர் சுத்தம்.

நான் ஏறினேன். முகில் எனக்கு வசதியாகத் தலையைக் குனிந்தான். நாலு போல்ட்டும் என் கண்ணுக்கு நேராக இருந்தன. நான் சட்டைப் பையைத் தடவினேன். பேன்ட் பையைத் தடவினேன். வலது பையில் ஸ்பானர் தொடையில் உறுத்தியது, அதற்கு மேலேயே தடவினேன். கையை விரித்தேன். கூட்டம் சிரித்தது. சல்லடைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது, எனக்கு மட்டும் கேட்கும் அளவில். என்ன சொன்னார் என்று நான் குறித்துவைக்கவில்லை.

"கருவி கெடைக்கலியாமுங்க, பரவாயில்லீங்க" என்றார் ஐயா மைக்கில். "எழுத்தாளர் தம்பியும் ஒடம்பு செரியில்லாம இன்னைக்கு வரமுடியலீங்க. அவருக்கும் ஒரு கைதட்டு." தட்டினார்கள். ஏழாவது வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு முகிலோடு படம் எடுக்கும் வரிசை. எல்லோரும் தோளில் கை போட்டு, கன்னத்தைத் தட்டி எடுத்துக்கொண்டார்கள். பொன்னாத்தாள் கடைசியாக வந்தார். மூன்றடி தள்ளி நின்று, செருப்பைக் கழற்றி, கும்பிட்டார்.

"சாமி, என்ற பையன் உங்ககூடத்தான் வேல செய்யறானுங்க. ஒடம்புக்கு என்னன்னு தெரியுமுங்களா? போன் போட்டா எடுக்க மாட்டீங்கறான்."

முகில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். அந்த அம்மா படக்கென்று பின்னால் போனார்.

"தொட்டுப்போடாதீங்க சாமி" என்றார் பதறிப்போய். "கோயில்ல பரிவட்டங் கட்டுன ஒடம்பு. நாங்க தெக்காலீங்க."

கைகள் அப்படியே நின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் நித்யஸ்ரீ போனைத் தொட்டார்.

"வாங்க வாங்க. சாப்ட்டுப்போட்டுத்தானுங்க போகோணும்" என்றது முகிலின் நெஞ்சு.

"இருக்கட்டுமுங் சாமி. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டு அவர் போனார்.

ஒப்பனை அறையில் நான் போல்ட்டைக் கழற்றினேன். ஸ்பானரை என் பையிலிருந்து எடுத்ததைக் கதிரேசன் கண்ணாடியில் பார்த்தார். வாயோரம் சல்லடைத் தடம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. போன் அடித்தது. எடுத்தார்.

"ஆமாம்மா, காச்சல்தான். இப்பப் பரவால்ல" என்றார். "அப்படியா? முகில நேர்லயே பாத்தயா? என்ன சொன்னாரு?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்ட்டுட்டுப் போயிருக்கலாமுல்லம்மா" என்றார்.

சாயங்காலம் கருவிப் பதிவேட்டை முடித்தேன். ஸ்பானரைத் தொலைத்தாயிற்று என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டதால் பதிவேட்டிலும் தொலைய வேண்டும், பொறுப்பு யாருடையது என்றும் எழுத வேண்டும், அது விதி. தயாரிப்பில் இழப்பு நேர்ந்தால் தயாரிப்பாளர். 'ஸ்பானர், பத்து-பதினொன்று, ஒன்று. விழா மேடையில் தொலைந்தது. பொறுப்பு: பொ. கதிரேசன்' என்று எழுதி அவரிடமே நீட்டினேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்துப் பார்த்தார். போனை எடுத்து, முன்னும் பின்னும் உள்ள வார்த்தைகள் விழாமல் பெயரை மட்டும் ஒரு படம் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.